உள்ளே வந்த அடுப்பு

மழை வலுத்ததும் அவன் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் வந்தான்.

அவள் சட்டியோடு பின்னால் வந்தாள். தக்காளிச் சாற்றில் கோழித்துண்டுகள் பாதி வெந்திருந்தன.

பக்கத்துக் கூடாரத்துத் திருநெல்வேலிக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, அடுப்பையுமா உள்ள கொண்டு போறிய?"

"தீப்பிடிக்காது சார். கல்லு மேலதான் வைக்கிறேன்."

அவர் மேற்கொண்டு சொன்னது மழையில் கேட்கவில்லை. அவன் ஜிப்பை இழுத்து மூடினான்.

அடுப்புக்குக் கீழே பலகைக் கல். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தீயைப் பற்றி எல்லாம் யோசித்திருந்தான்.

கூடாரத்தின் உச்சியில் காற்றுக்காக ஒரு வலை இருந்தது. அதன் வழியே சாரல் மகள் மேல் விழுந்தது. ஒரு துண்டைச் சுருட்டி அதையும் அடைத்தான்.

"புகையே இல்ல பாத்தியா?"

உண்மைதான். கண் எரியவில்லை. கரித்துண்டுகள் சிவந்து, சத்தமில்லாமல் கிடந்தன. கொடைக்கானல் குளிர் வெளியே நின்றுவிட்டது.

அவள் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் பாஸ்தாவைக் கொட்டினாள். தண்ணீர் கூடிப்போயிற்று. கொஞ்சம் வெளியே சாய்த்துவிட்டு வரலாம் என்று சட்டியைத் துணியால் பிடித்தாள்.

"சோறா வடிக்கிறே? இத்தாலிக்காரன் பாத்தா அழுவான். அதுலயே வத்தட்டும். ஜிப்பைத் தொறந்தா குளிரும்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, தலை வலிக்குது."

"பசிடா ஆதினி. இதோ ஆச்சு."

அவளுக்கும் நெற்றிப்பொட்டில் வலித்தது. மலைப்பாதையின் வளைவுகள் காரணமாக இருக்கும். அவனும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேருக்கும் ஒரே வலி. மூடிய கூடாரத்தில் கரி விடும் நச்சுக்காற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஆதினி சாப்பிடாமலே தூங்கிப்போனாள். பிறந்தநாளுக்கு அவள் கேட்டது இந்தப் பாஸ்தா ஒன்றைத்தான்.

"நானும் ஒரு நிமிஷம் சாயறேன். வெந்ததும் எழுப்பு."

அவள் கிளறினாள். கரண்டி கனத்தது. சீஸைத் துருவினாள். பாதி சட்டியில் விழுந்தது. பாதி தரையில் விழுந்தது. எதற்கோ சிரிப்பு வந்தது.

வெந்துவிட்டது.

"ஏங்க."

தூங்குவதுபோல் நடிப்பது அவனுடைய பழைய விளையாட்டு. இடுப்பில் கிள்ளினால் சிரித்துவிடுவான்.

கிள்ளினாள்.

மறுபடியும் கிள்ளினாள்.

மகளின் தோளை உலுக்கினாள். சின்னத் தலை அந்தப் பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. அதுவும் மெதுவாகத்தான் வந்தது.

எழுந்தாள். முழங்கால் மடங்கியது. தவழ்ந்தாள். ஜிப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. விரல்கள் அதைத் தடவின. பிடிப்பது எப்படி என்று விரல்களுக்கு மறந்துபோயிருந்தது.

மழை விட்டிருந்தது.

டார்ச் வெளிச்சம் ஒன்று கூடாரத் துணியின் மேல் நகர்ந்தது.

"வாசம் எங்க கூடாரம் வரைக்கும் தூக்குது அண்ணாச்சி. எங்கள விட்டுட்டா சாப்பிடுதிய?"

வாங்க, சாப்பிடலாம்.

அதைத்தான் சொல்ல வேண்டும். காப்பாற்றுங்கள் என்ற சொல் அவளுக்குத் தோன்றவில்லை. வாங்க என்பது மட்டும் தோன்றியது. வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

வெளிச்சம் கடந்துபோனது. ஈரப்புல்லில் காலடிகள் தள்ளித் தள்ளிப் போயின.

ஒரு பேச்சுக்குக்கூட உள்ளேயிருந்து யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

காலடிகள் நின்றன.