டீசல் படாத வீடு

"லாரியா? எனக்க வீட்டுக்கு லாரியில தடி வந்தா, அந்த லாரிக்கு முன்னால நான் படுத்துக்கிடுவேன். மாட்டுவண்டியிலதான் வரணும், மனசிலாச்சா?"

ஞானதாசன் செல்போனில் கத்தினார். மறுமுனையில் களியக்காவிளை மரக்கடை சுந்தர்சிங் கெஞ்சினார்.

"அண்ணே, இருபத்தஞ்சு கிலோமீட்டர்! இந்தக் காலத்துல மாட்டுக்கு நான் எங்க போவேன்?"

"அது உனக்க பாடு" என்று போனை வைத்துவிட்டார்.

ஞானதாசன் மஸ்கட்டில் பதினெட்டு வருடம் கான்கிரீட் கலவை லாரி ஓட்டியவர். ஊருக்கு வந்ததும், செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று சொல்லி, தன் கையாலேயே ஒரு மரவீடு கட்டத் தொடங்கினார். புது மரம் வெட்டக்கூடாது. இடித்த வீடுகளின் பழைய மரத்தடிதான். சிமென்ட் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வீட்டுக்காக ஒரு துளி டீசல்கூட எரியக்கூடாது. இதை டீக்கடையில் நின்று உரக்கச் சொல்லியும்விட்டார். அதுதான் வினை.

சொன்ன வாய்க்காக, ஓடுகளையும் பலகைகளையும் கைவண்டியில் தானே இழுத்தார். முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி லீமா எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"பதினெட்டு வருசம் லாரி ஓட்டினிய. இப்ப நீங்களே லாரியாட்டு ஆயிட்டிய."

"ஹாரன்தான் குறைச்சல்" என்று ஞானதாசன் தன்னையே கேலி செய்துகொண்டார். அவள் அழுத்தித் தேய்த்தபோது அதுவும் இருப்பது தெரிந்தது.

பலகைச் சுவர்கள் எழுந்துவிட்டன. கூரைக்கு உத்திரமும் கைமரங்களும் மட்டும் பாக்கி. மேற்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது.

"கேட்டியளா?" என்றாள் லீமா. "அடுத்த வாரம் நம்ம மவ அபினா கைப்பிள்ளையோட வாறா. மழையில, இந்தத் தகர ஷெட்டுலயா பிள்ளைய கிடத்துவா? சனிக்கிழமைக்குள்ள தடி வரல்லன்னா, திங்கக்கிழமை எனக்க தம்பி வந்து பலகையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு கான்கிரீட்ல வீடு எழுப்புவான். சொல்லியாச்சு."

தம்பி மத்தியாஸ் கான்கிரீட் கான்ட்ராக்டர். 'அத்தான் கட்டுதது வீடா, கோழிக்கூடா?' என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிபவன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞானதாசனின் வீறாப்பு இறங்கியது. பேசாமல் லாரிக்கே சொல்லிவிடலாமா? போனை எடுத்தார். டீக்கடை முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வைத்தார். மறுபடி எடுத்தார். ஆசையாகக் கட்டிய வீடு கையைவிட்டுப் போய்விடுமோ என்று பயம் வந்தது. வாய் மட்டும் இறங்கிவர மாட்டேன் என்றது. 'முழு மடையன்லே நீ' என்று தன்னைத்தானே திட்டிவிட்டுப் படுத்தார்.

சனிக்கிழமை காலையில் சலங்கைச் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், மாட்டுவண்டி! வண்டி நிறைய பழைய அயினி மரத்தடி. ஓட்டிவந்தவர் பெயர் கிருஷ்ணமணி என்றார். ஞானதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"எனக்க மக்களே! ராத்திரி பூரா நடந்தியளா?"

ஒரு சீப்பு மட்டிப்பழத்தை அப்படியே ஊட்டினார். கையோடு மத்தியாஸுக்குப் போன் போட்டு வரவழைத்தார்.

"பாத்தியாலே? ஒரு துளி டீசல் உண்டுமா?"

மத்தியாஸ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கைகூப்பினான். "தோத்துட்டேன் அத்தான். நீங்கதான் ஆளு."

லீமா வண்டிக்காரருக்குக் கட்டஞ்சாயா கொடுத்தாள்.

"என்னட்டி, பேச்சையே காணல்ல?"

"ஜெயிச்ச ஆளுகிட்ட என்னத்தப் பேச?"

தடி இறங்கியதும் கிருஷ்ணமணி வண்டியைத் திருப்பினார். ஞானதாசன் தெருமுனை வரை கூடவே நடந்துபோய், அங்கே மறித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருந்து போங்க. களியக்காவிளையில இருந்து நடந்த மாடு, காலு வலிக்கும்லா?"

"இதுகளுக்கு என்ன வலி, அண்ணாச்சி? கோயில் முக்குல இருந்துதானே நடந்துது. தடி களியக்காவிளையில இருந்து ஒரு லாரியில வந்துது. மாட்டையும் வண்டியையும் தோவாளையில இருந்து இன்னொரு லாரியில கொண்டு இறக்கினாவ."

"ரெண்டு லாரியா! எவன் செஞ்ச வேலை?"

"லாரி ரெண்டும் உங்க மச்சினனுக்குள்ளதாக்கும். விடியதுக்கு முன்ன வந்து, தடிய வண்டியில மாத்தி ஏத்தினதும் அவருதான்" என்ற கிருஷ்ணமணி, ஞானதாசனின் முகம் போன போக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்ககிட்ட மூச்சு விடப்படாதுன்னு சொல்லி, முதல் பூசைக்குப் போற வழியில முக்குல நின்னு மாட்டுக்குச் சலங்கை கட்டிவிட்டது உங்க வீட்டுக்கார அக்கால்லா?"