கை எட்டாத தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

புருஷன் பழைய சிறையறைக்குள் நின்றிருந்தான். கம்பிக் கதவு சாத்தியிருந்தது. வெளியே மகள் சஷ்மி, ஆறு வயது, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"பூட்டியாச்சுப்பா! டாட்டா!"

அவன் சிரித்தான். மனைவியைப் பார்த்து, "போட்டோ எடுத்துட்டியா புள்ள?"

திரும்பினதுமே எடுத்திருந்தாள். அவன் போன் அவள் கையில்தான் இருந்தது. கைதி மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறான். கோடை விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து கிளம்பியதிலிருந்து இந்தக் கூத்துதான்.

"சரி, தொற. படகுக்கு நேரமாச்சு."

அந்தமானின் சின்னத் தீவு அது. கடைசிப் படகு நாலு மணிக்கு. மூன்று தரம் சங்கு ஊதும், மூன்றாவதுக்கு அப்புறம் யாருக்காகவும் நிற்காது என்று வழிகாட்டி வரும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். அவரும் மற்றவர்களும் முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள். கூரையைப் பிளந்துகொண்டு ஆலம் விழுது இறங்கிய அந்த நீளத் தாழ்வாரத்தில் இவர்கள் மூன்று பேர்.

அப்புறம் ஒரு புள்ளிமான். வேட்டையாட வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மான்களின் வம்சமாம். அவன் போய்விட்டான். மான்கள் இங்கேயே கிடக்கின்றன.

அவள் தாழ்ப்பாள் பக்கம் போனாள்.

கதவிலிருந்து இரண்டு முழம் தள்ளி, சுவரில் குடைந்த மாடத்துக்குள் போய் விழுகிற இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே இருப்பவன் கம்பி வழியே எவ்வளவு நீட்டினாலும் கை எட்டாது. எப்படி யோசித்துக் கட்டியிருக்கிறான் பாருங்கள் என்று வழிகாட்டி காட்டியபோது எல்லோரும் ஆகா என்றார்கள். அவள் மட்டும் தன் கையை நீட்டி அளந்து பார்த்தாள்.

வீட்டில் எட்டும். கிரில் கேட்டுக்குள்ளிருந்து கையை விட்டால் பூட்டைத் தொடலாம், உலுக்கலாம். சாவிதான் அவனிடம்.

எட்டு வருடமாக.

காலை எட்டரைக்குப் பூட்டுவான். "காலங் கெட்டுக் கெடக்குது" என்பான், தினமும் பேப்பரில் அதுதான் போட்டிருக்கிற மாதிரி. சஷ்மி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பூட்டை அமுக்குவது அவள் வேலை. இரண்டு தரம் இழுத்துப் பார்க்கவும் அவன்தான் பழக்கினான். அப்புறம் டாட்டா.

பாவம், குழந்தை. ஒருவர் உள்ளே நின்றால் வெளியே பூட்டுவதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் சங்கு ஊதியது.

"என்ன மசமசன்னு நிக்கற? தொற!"

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். குழந்தைகூட நகர்த்திவிட்டது. இழுத்தால் போதும்.

இழுக்கவில்லை.

பயம்தான். பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. போன தீபாவளிக்கு முந்தின நாள் எதிர்வீட்டு மாடிப் பந்தல் பற்றிக்கொண்டு, புகை உள்ளே வந்து, சஷ்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டை உலுக்கி உலுக்கி அவள் கை வீங்கிப் போனது. அவன் தன் கடையிலிருந்து நிதானமாக வந்து திறந்தான். "ஒண்ணும் ஆகலைல்ல? அப்பறம் என்ன?" என்றான்.

அந்தக் கோபம் இத்தனை நாள் எங்கே இருந்ததோ.

தாழ்ப்பாளை விட்டுக் கதவுக்கு வந்தாள்.

"ஏனுங்க, வீட்டுச் சாவியக் குடுங்க."

"என்னது?"

"இனிமேல் அது எங்கிட்ட இருக்கட்டும்."

கம்பிக்குள் உள்ளங்கையை நீட்டினாள்.

அவன் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வளையல் உடைந்து தரையில் விழுந்தது. மான் காதை நிமிர்த்தியது.

"வெளிய வந்தேன்னா என்ன பண்ணுவேன்னு தெரியுமில்ல?"

தெரியும்.

"என் கையப் புடிச்சாத் தாழ்ப்பாள் தொறக்காதுங்க."

அவன் அவளைப் பார்த்தான். தாழ்ப்பாள் இருக்கும் பக்கம் கையை நீட்டிப் பார்த்தான். தோள் கம்பியில் இடித்தது. விரல்கள் சுவரைத் தடவின. எட்டவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

மணிக்கட்டை விட்டான்.

இரண்டாவது சங்கு.

"சஷ்மி! சாமி! நீ தொற கண்ணு. அப்பா சாக்லேட் வாங்கித் தர்றேன். ஓடியா."

சஷ்மி அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தாழ்ப்பாளை நோக்கி ஓரடி வைத்தாள்.

அவளுக்குக் குழந்தையைப் பிடித்து இழுக்கவும் மனம் வரவில்லை. அதட்டவும் வாய் வரவில்லை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் உள்ளேயிருந்து கேட்கிற அந்தச் சொல்லை, அவன் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"சஷ்மி, இழுத்துப் பாரு கண்ணு."

குழந்தை உடனே திரும்பிவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தது. பழக்கிக் கொடுத்தபடி, இரண்டு தரம், பலமாக.

இந்தத் தரம் அவன் சிரிக்கவில்லை.

"நல்லா பூட்டியிருக்குதும்மா" என்றாள் சஷ்மி. "நாம கெளம்பலாமா?"