சத்தம் வரலை, மாமா

"கதவைச் சாத்துங்க தம்பி. இதைச் சரி பண்ணாம இன்னைக்கு ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது" என்றார் பொன்னுராஜ்.

முஹம்மது அனஸ் மாடி அறைக் கதவைச் சாத்தினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். ஜெபின் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான். இருந்த ஒரே வாசலை மறித்தபடி அவன் மாமனார் பொன்னுராஜ் நின்றார்.

இராஜபாளையத்தில் மனைவி ஷெரினின் வீட்டு மாடியில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவன் ஜெபின். பாகம் பாகமாக வாங்கி அவனே சேர்த்த கம்ப்யூட்டரில் ஒன்பது நாளாகச் சத்தம் வரவில்லை. படமும் கலங்கலாகத்தான் தெரிந்தது. டிரைவர் என்கிற சாப்ட்வேர் கெட்டுப்போனதாக வீட்டில் சொல்லியிருந்தான்.

"நானே பாத்துக்கிடுவேன் மாமா. நீங்க எதுக்கு வேலைய விட்டுட்டு..."

"ஒம்பது நாளா பாத்துட்டுத்தான இருக்கீக? மீட்டிங்ல பேசாம உக்காந்திருந்தா ஆபீஸ்ல என்ன நெனப்பாக? அதான் மில்லுல பெர்மிஷன் கேட்டுட்டு, போயி தம்பியக் கையோட கூட்டியாந்துட்டேன்."

காலை ஆறு மணிக்கே நூற்பாலைக்குக் கிளம்பிப் போனவர். காக்கிச் சட்டையில் பொட்டுப் பஞ்சு ஒட்டவில்லை, மடிப்பும் கலையவில்லை. முகம் மட்டும் வேர்த்திருந்தது.

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது மாப்ள" என்று மூன்றாவது முறையாகச் சொன்னார்.

அனஸ் பென் டிரைவைச் செருகி கிராபிக்ஸ் டிரைவரைப் புதிதாக ஏற்றினான். திரை சட்டென்று கறுத்தது. அப்படியே செத்துப்போகட்டும் என்று ஜெபின் மனதுக்குள் வேண்டிக்கொண்டான். ஆனால் படம் முன்பைவிடத் தெளிவாகத் திரும்பி வந்தது.

"அடுத்து சவுண்டு" என்று அனஸ் வேறொரு பட்டியலைத் திறந்தான். "டிரைவர் நல்லாத்தான இருக்கு. இந்தா, பக்கத்துல கீழ பாத்த மாதிரி ஒரு அம்புக்குறி இருக்கு பாருங்க. இது தானா வராது. யாரோ கைப்பட ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க."

அந்த யாரோ ஜெபின்தான். கம்பெனி அவனை வேலையிலிருந்து நீக்கி இரண்டு மாதம் ஆகிவிட்டது.

முதலில் யாருமில்லாத மீட்டிங்கில் தனியாகப் பேசி நடித்துக்கொண்டிருந்தான். ஷெரின் காபியோடு வந்து பின்னால் நிற்க ஆரம்பித்ததும் நடிப்பு வரவில்லை. சத்தம் கெட்டுப்போனால் பேச வேண்டியதில்லை. படமும் கெட்டுப்போனால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"யாரு ஆஃப் பண்ணுனது?" மாமனார் கேட்டார்.

"அப்டேட்ல... தானா மாறியிருக்கும் மாமா."

அனஸ் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். மவுஸை அழுத்தினான். ஸ்பீக்கர் கணீரென்று ஒலித்தது.

"ஸ்தோத்திரம்!" பொன்னுராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எங்க, ஆபீஸுக்கு ஒரு கால் போடுங்க மாப்ள. அவுக பேசுறது கேக்குதான்னு பாத்துட்டு நான் போயிருதேன்."

"இப்ப அங்க சாப்பாட்டு நேரம் மாமா."

"பதினோரு மணிக்கா?"

ஜெபின் குனிந்து பழைய பாஸ்வேர்டை அடித்தான். விரல் இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை திரையில் சிவப்பாக ஓர் ஆங்கில வரி வந்தது. அவன் கணக்கை நீக்கிவிட்டார்களாம்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

அனஸ் வரியைப் படித்தான். ஜெபினின் முகத்தையும் பார்த்தான். "நெட்டு ஸ்லோ அண்ணாச்சி. செத்த நேரம் கழிச்சுப் போட்டா வரும்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

பொன்னுராஜ் அவன் பின்னால் போகவில்லை. கதவை மறுபடி சாத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"டெலீட்டுன்னு போட்டிருக்கு. அம்புட்டு இங்கிலீஷ் எனக்கும் தெரியும் மாப்ள."

இனி ஒளிய இடமில்லை. "வேலை போயிருச்சு மாமா. ரெண்டு மாசமாச்சு" என்றான் ஜெபின். "ஷெரின்ட்ட சொல்ல வாய் வரல. இந்த வயசுல நீங்க மில்லுக்குப் போயிட்டு வாறீங்க. உங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு நான் எப்படி..."

ஏச்சு விழட்டும் என்று தலையைக் குனிந்து நின்றான்.

பொன்னுராஜ் கட்டில் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். பிடித்திருந்த கடைசிக் கிளையும் முறிந்தது போல அவர் தோள்கள் தொங்கிப்போயிருந்தன.

கீழேயிருந்து ஷெரின் கூப்பிட்டாள். "அப்பா, இன்னுமா மில்லுக்குத் திரும்பல? சூப்பர்வைசர் ஏசப் போறாரு!"

"இந்தா கெளம்பிட்டேம்மா!"

சத்தம் கொடுத்துவிட்டு எழுந்தார். ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்து மருமகன் கையில் வைத்தார்.

"நீங்களும் வாங்க. நாள் பூரா இந்த ரூமுக்குள்ள கெடந்தா மூச்சு முட்டிப் போகும்."

"எங்க மாமா, மில்லுக்கா?"

பொன்னுராஜ் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுக்கு. மில்லுல என்னைய நிப்பாட்டி மூணு மாசமாச்சு மாப்ள."