இருமல் காசு

திகன ஊரில் எங்கள் சந்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புச் சூளை இருக்கிறது. புகை வடிகட்டி பூட்டுவதைவிட, இருமுகிறவர்கள் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் நட்டஈடு கொடுப்பது முதலாளிக்கு மலிவு. நாங்கள் அதை இருமல் காசு என்போம்.

அன்று சூளை அதிகாரி வீடு வீடாகப் பார்க்க வந்தார். பக்கத்து வீட்டு மர்சூக் நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீங்களும் கொஞ்சம் இருமுங்களே. நான் விடிய சுபஹுல இருந்து பழகுறேன்."

"எனக்கு வரல நானா."

"வராட்டி காசும் வராது!"

அதிகாரி என் வாசலில் நின்று காது கொடுத்தார். பக்கத்து வீட்டு இருமல் மட்டும் பலமாகக் கேட்டது.

"போன மாசம் உங்க மனைவி ரோட்டுக்குக் கேக்கிற மாதிரி இருமினாங்களே. இப்ப எப்படி?"

"இப்ப இருமுறதில்லங்க."

"நல்ல விஷயம். கொஞ்சம் கூப்பிடுங்க, நேர்ல பாக்கணும்."

மர்சூக் நானா இருமுவதை நிறுத்திவிட்டார்.

"முந்தாநாள்தான் கருமாதி முடிஞ்சிச்சு" என்றேன்.

அதிகாரி தலை குனிந்தார்.

"மன்னிச்சுக்கங்க. அப்ப, இந்த வீட்டுல புகையால பாதிக்கப்பட்டவங்க யாரும் இல்லன்னுதான் நான் சொல்லணும்."

"ஆமாங்க" என்றேன்.