லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பதிவு

எழுதியவரைப் பற்றி நாம் எப்படி நினைத்திருக்கிறோமோ, அதற்கேற்ற குரலிலேயே பதிவுகளை வாசித்துக்காட்டும் கைப்பேசிகள் வந்துவிட்ட காலம். புதிதாகக் குடிவந்த இளம்பரிதி லிஃப்டில் சிக்கிக்கொண்டு, “யாராவது சீக்கிரம் வந்து திறங்க” என்று குடியிருப்புக் குழுவில் போட்டார்.

“வாடகைக்கு வந்தவனுக்கு அதிகாரத்தப் பாரு!” என்று பதில் போட்டார், அதை அதட்டலாகக் கேட்ட ஒருவர்.

“குடிச்சிட்டு உளர்றான், விடுங்க” என்று போட்டார், குழறலாகக் கேட்ட இன்னொருவர்.

வியர்த்து வழிந்தபடி இளம்பரிதி பல்லைக் கடித்தார். கடைசியில் செயலாளர் மாசிலாமணி எழுதினார்: “பொறுங்க தம்பி, சாவியோட வர்றேன்.”

செயலாளர் என்றாலே திமிர்பிடித்தவர் என்பது இளம்பரிதியின் கணிப்பு. கைப்பேசி அந்தப் பதிலை நக்கலாக இழுத்து இழுத்து வாசித்தது.

“நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்யா!” என்று தட்டிவிட்டார்.

கதவுக்கு வெளியே ஒரு கைப்பேசி அதை ரவுடிக் குரலில் வாசித்தது. கிட்டே வந்திருந்த சாவிக்கொத்துச் சத்தம் திரும்பிப் போனது.