‘லேட் பஸ்’ கலைந்த கதை

“இண்டையோட முடிச்சுக்கொள்ளுவம், அண்ணை” என்றபடி றஜிந்தன் ட்ரம்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான்.

பாட்டின் நடுவில் நின்ற அனுஜன், மைக்கை இறக்காமலே திரும்பிப் பார்த்தான். “என்னத்தை முடிக்கிறது? பயிற்சியையோ?”

“பாண்டை.”

பியர்பொன்ட்ஸ் பகுதியில் றஜிந்தன் வீட்டு பேஸ்மென்டில்தான் வழக்கமாகப் பயிற்சி நடக்கும்.

‘லேட் பஸ்’ என்ற அந்த ஆங்கில ராக் இசைக்குழு பிறந்து எட்டு மாதம்தான். பெயர் வைத்தவன் அனுஜன். மற்ற மூவரையும் தேடிப் பிடித்தவனும் அவன்தான். ஜான்-டலோன் சந்தையில் காலையிலிருந்து தக்காளிப் பெட்டி தூக்கிவிட்டு, அங்கிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி மாறி வந்து பாடுவான்.

மேடை கிடைத்ததே மூன்று தரம். டவுன்டவுன் பார் ஒன்றில், “பிரெஞ்சிலும் இரண்டு பாட்டு இருந்தால் நல்லது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு கலியாண மண்டபத்தில் இரண்டாவது பாட்டிலேயே மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு ஏறி, “தம்பி, எங்கட படப்பாட்டு ஒண்டைப் படியுங்கோவன்” என்றார். மூன்றாவது இடத்தில் கேட்க ஆளே இல்லை. கதிரை அடுக்க வந்தவர் மட்டும் இரக்கப்பட்டுக் கைதட்டினார்.

ஒவ்வொரு தரமும் வீடு திரும்பும் வழியெல்லாம் அனுஜன் கொதித்தான். சனத்துக்கு ரசனை இல்லை, ஸ்பீக்கர் சரியில்லை, ட்ரம்ஸ் முந்தி ஓடுது, கிற்றார் பின்னால் இழுக்குது. காருக்குள் மற்ற மூவரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“எனக்கு இனிப் பின்னேரத்தில வேலை, அண்ணை” என்றான் றஜிந்தன்.

“எனக்கு நேர்சிங் சோதினை வருது” என்றாள் பேஸ் கிற்றார் வாசிக்கும் ஜெசிக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

கிற்றார்காரன் ஹென்றி காரணம் எதுவும் தேடவில்லை. “காணும், அண்ணை” என்றான்.

“உங்களில ஒருத்தருக்கும் அக்கறையில்லை! நான் ஒருத்தன்தான் இவ்வளவு நாளும் இதை இழுத்துக்கொண்டு திரிஞ்சனான்!” அனுஜனின் குரல் உடைந்தது. மைக் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜாக்கெட்டின் சிப்பைக்கூடப் பூட்டாமல் பனிக்குள் இறங்கி நடந்தான்.

அதன்பிறகு அவன் யாருக்கும் போன் எடுக்கவில்லை. சந்தையில் பெட்டி அடுக்கும்போது வாயில் வரும் மெட்டை அப்படியே விழுங்கிக்கொண்டான். மெட்ரோவில் யாராவது கிற்றார் வாசித்தால் மற்றப் பக்கப் படியால் ஏறிப் போனான்.

பனி கரைந்து, சந்தையில் பூக்கன்றுகள் வந்திறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய போன் அடித்தது.

“பொன்ஜூர், ‘லேட் பஸ்’ இசைக்குழுதானே?” என்றாள் ஒரு பெண். மேற்குத் தீவுப் பூங்காவில் நடக்கும் கோடை இசைவிழாவின் ஏற்பாட்டாளர் அவள். அந்த விழாவுக்கு அவன் இரண்டு தரம் பாட்டுப் பதிவு அனுப்பியிருந்தான். இரண்டு தரமும் பதில் இல்லை. பழைய விண்ணப்பத்தில் இருந்த இலக்கத்துக்குத்தான் அவள் எடுத்திருந்தாள்.

“உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம். இந்தப் பதிவு முந்தினதைவிட எவ்வளவோ மேல். குரலைக் கேட்டதுமே எல்லோரும் சரி என்றுவிட்டார்கள்.”

அனுஜன் தக்காளிப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குளிர்காலத்தில் அனுப்பிய இரண்டாவது பதிவு! அதற்காக அந்த மூன்று பேரையும் எத்தனை தரம் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து வதைத்திருப்பான்!

முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். வழி நெடுக, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வசனத்தை மாற்றி மாற்றிப் பார்த்தான். முதலில் றஜிந்தனைச் சமாளித்துவிட்டால் மற்ற இருவரையும் அவன் கூப்பிடுவான்.

கதவைத் திறந்தது றஜிந்தனின் தாய் சிவமலர். “அட, அனுஜனோ! எவ்வளவு நாளாச்சு உம்மைக் கண்டு! பிள்ளையள் கீழதான் நிக்கினம், போம் தம்பி.”

படியால் இறங்கியவன் திகைத்து நின்றான். மூவருமே அங்கே இருந்தார்கள். றஜிந்தன் துவாயால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். ஹென்றியின் மடியில் கிற்றார். அவர்களாலும் விட முடியவில்லை என்று அனுஜன் நினைத்துக்கொண்டான்.

“பழசை விடுவம்” என்றான் மூச்சு வாங்க. “நான் கனக்கக் கத்திப்போட்டன். பிழை என்னிலதான். இனிக் கத்தமாட்டன். இப்ப விசயத்தைக் கேளுங்கோ. இசைவிழாவில எங்களை எடுத்திட்டினம்!”

ஒருவரும் துள்ளவில்லை. ஹென்றி கிற்றாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். றஜிந்தன் துவாயிலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை.

“என்னடா, வாயைத் திறக்கிறியள் இல்லை? இதுக்குத்தானே இவ்வளவு அலைஞ்சம்! அந்தப் பதிவைக் கேட்டிட்டு எல்லாரும் சரி எண்டவையாம். என்ர குரல் கடைசியில அவைக்குப் பிடிச்சிட்டுது!”

ஜெசிக்கா மெல்ல எழுந்து அவனருகே வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“அது நாங்கள் மூண்டு பேரும் போன மாதம் அனுப்பின பதிவு. அதில பாடினது நான், அண்ணை.”