இறால் பொரியும் சத்தம்

பல்கலைக்கழக வளாகத்தின் மண்டபத்தில் விளக்குகளை அணைத்ததும் யன்னல்களில் துறைமுகம் மட்டும் வெளிச்சமாக நிற்கிறது. 'கடலுக்குள்ள என்ன கதை? யாவரும் வரலாம்' என்ற சுவரொட்டியை நம்பி வந்த திரேசம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக் கதிரையில் இருக்கிறாள். மேடையில் விரிவுரையாளர் நிருஜா எதையோ அழுத்த, ஒலிபெருக்கியில் சடசடவென்று ஒரு சத்தம் எழுகிறது. திரேசம்மாவின் மூக்கு தானாக விரிகிறது, மணத்தைத்தான் காணவில்லை. "பின்னால இறால் பொரிக்கினம் போல" என்று பக்கத்துப் பெண்ணின் காதுக்குள் சொல்கிறாள். அந்தப் பெண் திரும்பிப் பின்கதவைப் பார்க்கிறாள். அவளைக் கண்டு வரிசை முழுவதுமே திரும்பிப் பார்க்கிறது. "நீங்கள் கேக்கிறது எங்கட துறைமுகத்தின்ர அடியில பதிஞ்ச சத்தத்தை" என்கிறாள் நிருஜா. "இறால்தான். உயிரோட இருக்கிற சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குதுகள்."

திரேசம்மா வாயைப் பொத்திக்கொள்கிறாள். இத்தனை காலமும் எண்ணெய் கொதிக்கிற தாச்சியில் கேட்ட சத்தம் தண்ணீருக்குள் இருந்து வருகிறது. பொத்திய கையே பிறகு மேலே உயர்கிறது. ஒலிவாங்கி வரிசை தாண்டி வந்து சேர்கிறபோது அதை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருக்கிறது. "மிஸ், அதுகள் போடுற சத்தம் எங்களுக்குக் கேக்குது. நாங்கள் போடுறது அதுகளுக்குக் கேக்குமோ?" முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள். நிருஜா சிரிக்கவில்லை. அவள் வாய் திறக்கிற நேரம், யன்னலுக்கு வெளியே நிற்கும் சீமெந்து ஏற்றி வந்த கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கடகடவென்று கடலுக்குள் விடுகிறது. இந்த ஊரில் எல்லாருக்கும் பழகிய சத்தம்தான். இறால்கள் இருக்கிற அடிக்கு அது இறங்கி முடியும்வரை, சிரித்தவர்களும் யன்னலையே பார்க்கிறார்கள்.